பின்கதவு, அயினி, ஒன்று

மீன்சந்தைக்கு மேலே மாடியில் என் அறை.
ஐஸ் உருகி ஓடுகிற சத்தத்தில்தான்
களியக்காவிளையின் வரவுசெலவைக் கூட்டுகிறேன்.
பில்களில் சாளை மணக்கும்.
ஒருமுறை ரசீதொன்றைப் பிரித்தபோது
செதில் ஒன்று கீபோர்டில் விழுந்து
ஐந்தின் மேல் ஒட்டிக்கொண்டது.

இன்று இருபதாம் தேதி.
ஒன்றுமே விற்காதவனும்
ஒன்றுமில்லை என்று சொல்லியாக வேண்டிய நாள்.
சொல்லாவிட்டால் நாளொன்றுக்கு இருபது ரூபாய்.
மௌனத்துக்கு இத்தனை துல்லியமாக
வேறு யாரும் விலை வைத்து நான் பார்த்ததில்லை.

ரசலையன் வந்தார். கதவு செய்கிறவர்.
புருவத்தில் மரத்தூள். கக்கத்தில் நாற்பது பக்க நோட்டு.
"பாங்குல லோன் கேட்டிருக்கேன் பிள்ளே,
இழைக்கிற மிசின் ஒண்ணு வாங்க.
பாங்குக்குக் கொஞ்சம் பெரிசா எழுது.
வரிக்குக் கொஞ்சம் சின்னதா."

ஒரே ஆளுக்கு ரெண்டு அளவுல சட்டையா அண்ணே, என்றேன்.
சிரித்தார்.
இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

நோட்டைத் திறந்தேன்.
குழித்துறை, இரட்டைக் கதவு.
மார்த்தாண்டம், ஜன்னல் ஆறு, பாதிக் காசு பாக்கி.
பாறசாலை, முன்கதவு, தேக்கு, நம்ம வண்டி.
உதியன்குளங்கரை, நம்ம வண்டி.
மறுபடியும் பாறசாலை.

"அண்ணே, நீங்க காம்போசிஷன்ல இருக்கீங்க.
நூத்துக்கு ஒண்ணு கட்டினாப் போதும்,
ஆனா சரக்கை மாநிலம் தாண்டி அனுப்பக் கூடாது."

ஜன்னல் வழியே பார்த்தார்.
மாநிலம் அங்கேதான் இருந்தது,
ஒரு பஸ் ஹார்ன் தூரத்தில்.
லாட்டரிச் சீட்டு தொங்க ஆரம்பித்தால் கேரளம்;
கல் நட்டுக் காட்ட வேண்டியதில்லை.

"தங்கச்சியைக் கெட்டிக் குடுத்தது அங்க.
மரம் அறுக்கிற மில்லு அங்க.
கதவு மட்டும் இஞ்ச நிக்கணுமா?"

நிற்கத்தான் வேண்டும், இல்லையென்றால்
அந்தச் சலுகையிலிருந்து வெளியே வர வேண்டும்.
சொன்னேன்:
பழைய கதவுகளுக்கு வித்தியாசம் கட்டணும், வட்டியோட.
இனிமேல் பதினெட்டு. ஆனா மரத்துக்கும் பிளைவுட்டுக்கும்
நீங்க கட்டின வரி திரும்பக் கழியும், பில் இருந்தா.
நாமளா போய்ச் சொன்னா ஒரு கணக்கு,
அவங்க கண்டுபிடிச்சா வேற கணக்கு.
பாங்குக்கும் இதே நோட்டுதான் காட்டணும். அது நல்லதுதான்,
உங்க வியாபாரம் நீங்க நினைக்கிறதைவிடப் பெரிசு.

காதிலிருந்து பென்சிலை எடுத்து
மின்சார பில்லின் முதுகில் கூட்டினார்.
கூட்டினார். அடித்தார். மறுபடி கூட்டினார்.
கீழே யாரோ நெத்திலிக்கு ஏலம் விட்டார்கள்.

நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சிவிளை, லெற்றீஷியா வீடு,
பின்கதவு, அயினி, ஒன்று. ஒன்பதாயிரம்.
பில் இல்லை."

கல்யாணத்துக்குப் பிறகு நான் குடியிருப்பது அந்தப் பக்கம்.
போன ஆனி. கொட்டுகிற மழை.
டெம்போவில் தார்ப்பாய் மூடி அவரே வந்து இறக்கினார்.
பில் வேண்டாம் அண்ணே என்று சொன்னது யார்
என்பதை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை.

"அதை விட்டிரு பிள்ளே."

புதிய தாளில் முதல் வரிசையாக அதைத்தான் அடித்தேன்.
பெயர் கேட்ட கட்டத்தில் என் பெயர்.
பர்ஸிலிருந்து ஆயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்,
மேசைமேல் வைத்தேன்.
அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.
ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க
நோட்டை அதன்மேல் நகர்த்தி வைத்தார்.

ஒன்பதரைக்கு போர்ட்டல் நின்றுபோனது.
வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
மீதி நாலு பேரின் ஒன்றுமில்லைகள்
உள்ளே போகாமல் வரிசையில் நின்றன.

வீடு சேர நடுநிசி.
எல்லாரும் தூங்கிவிட்டதால் பின்பக்கம் போனேன்.
ஈரத்தில் அயினி ஊதிக்கொள்ளும்.
சாவி திரும்பிவிட்டது,
தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.